விளக்கின் மேல் போட்ட பழி

படம் மஞ்சளடித்ததும் ஸ்டூடியோக்காரர் முதலில் சந்தேகப்பட்டது விளக்கைத்தான். லைசென்ஸ் புதுப்பிக்க அவருக்கே ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம் தேவைப்பட்டது. ஊருக்கெல்லாம் படம் எடுக்கிற மனிதருக்குத் தன்னைப் படம் எடுத்துக்கொள்ள நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு சாயங்காலம் கூட்டம் ஓய்ந்ததும் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கேமராவை மனைவி கையில் கொடுத்து, "ஆடாம அமுக்கு" என்றார். அவள் ஆடாமல்தான் அமுக்கினாள்.

அந்தக் கடையில் யார் என்ன செய்வது என்பதில் பேச்சுக்கே இடமில்லை. படம் எடுப்பது அவர், கம்ப்யூட்டரில் போட்டுத் திருத்துவது அவள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. கல்யாணமானதிலிருந்து இருவருக்கும் கடைதான் குடும்பம். முகத்தில் பரு இருந்தால் எடுப்பாள், மச்சம் இருந்தால் விட்டுவிடுவாள். ஆளை மாற்றக்கூடாது, அன்றைக்கு ஒட்டிக்கொண்டதை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. கணவர் படத்தைத் திரையில் போட்டவள் உதட்டைச் சுழித்தாள்.

"என்னங்க, படம் மஞ்சளடிக்குது."

"லைட்டு போகப்போகுது. அதான்."

புது பல்பு வந்தது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி மஞ்சள். பின்னால் தொங்கிய வெள்ளைத் துணி பழுத்துவிட்டது என்று அதைத் துவைத்துப் போட்டாள். அப்புறம் எதிர்ச் சுவரின் பெயின்ட் மேல் பழி விழுந்தது. பெயின்டும் தப்பித்ததும் கம்ப்யூட்டர் திரை மாட்டிக்கொண்டது. மற்றவர்கள் படம் மட்டும் ஏன் சரியாக வருகிறது என்று அவள் கேட்டதற்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. அவர்கள் காலையில் வருகிறார்கள், ஜன்னல் வெளிச்சம் சேர்ந்துகொள்கிறது, நம்மை நாம் எடுப்பது பொழுது சாயும் நேரத்தில். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. கடைசியில் அவள் அலுத்துப்போய், வெள்ளையை வெள்ளையாக்கும் பொத்தானை இழுத்து, முகத்தையும் கண்ணையும் பளிச்சென்று ஆக்கி அச்சடித்துக் கொடுத்தாள். அவரும் பத்து வயது குறைந்துவிட்டது என்று பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிப்போனார்.

வீட்டில் நடந்ததெல்லாம் இதே லட்சணம்தான். கொஞ்ச காலம் முன்பு திடீரென்று சர்க்கரை வந்தது, வயசானால் வராதா என்றார்கள். உடம்பு இளைத்தது. மாத்திரையும் நடையும் வேலை செய்கிறது என்று பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு பெருமைப்பட்டார். முதுகு வலித்தது, நாள் முழுக்க நின்றால் வலிக்காதா? உடம்பெல்லாம் அரித்தது, அவள் மாற்றி வாங்கிய சோப்புத்தூள் திட்டு வாங்கியது. வயிறு மந்தமாக இருக்கிறது என்று தெருமுனை டாக்டரிடம் போனார். அவர் வாயுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. எல்லாம் சேர்ந்து ஒரே காரணமாக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்தான் அதைப் பார்த்தாள். பிறந்ததும் குழந்தைக்கு மஞ்சள்காமாலை கண்டு, ஆஸ்பத்திரியில் விளக்குக்கு அடியில் படுக்கவைத்து அப்போதுதான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். குழந்தையைச் சிரிக்கவைக்க ஸ்டூடியோக்காரர் குனிந்து நாக்கைத் துருத்தினார். அந்தப் பெண் குழந்தையை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள்.

"தப்பா நினைக்காதீங்கண்ணா. உங்க கண்ணு எங்க பாப்பா கண்ணு இருந்த மாதிரியே இருக்கு. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

மனைவி கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வந்து கணவரை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போனாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். விளக்குமில்லை, துணியுமில்லை, சுவருமில்லை.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரிதான். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் ஜெல்லைத் தடவி உருட்டிய பெண், பித்தக்குழாய் வீங்கியிருக்கிறது, அதற்குப் பின்னால் வாயு மறைக்கிறது, பெரிய ஸ்கேன் எடுங்கள் என்றாள். பெரிய ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லி, வந்தபிறகு மெஷின் ரிப்பேர் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் வெறும் வயிறு. ஆஸ்பத்திரி நாற்காலிகள் ஒன்றோடொன்று இரும்புப் பட்டையால் இணைக்கப்பட்டிருந்தன. வரிசையின் கோடியில் ஒருவர் எழுந்தால் மற்றவர்கள் எல்லோரும் ஒருமுறை தூக்கிப்போடப்பட்டார்கள். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கே தூங்கவும் கற்றுக்கொண்டாள், பேர் கூப்பிடும் குரலுக்கு மட்டும் விழிக்கவும் கற்றுக்கொண்டாள். அவருடைய தங்கை, டெலிபோன் ஆபீசில் வேலை பார்க்கிறவள், லீவு போட்டுவிட்டு அவ்வப்போது வந்து உட்கார்ந்தாள்.

பெரிய ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "கட்டி மாதிரி ஒண்ணு பித்தக்குழாயை அழுத்துது. என்னன்னு பார்க்கணும்" என்றார். வாய் வழியாகக் குழாயை இறக்கி, ஊசியால் அதில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதே கையோடு அடைத்த பித்தக்குழாய்க்குள் ஒரு சின்னக் குழாயை வைத்துவிடுவார்கள், பித்தம் இறங்கிவிடும். ஸ்டூடியோக்காரர் இதில் முதல் பாதியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடைப்பு, குழாய், இறங்கிவிடும் என்ற மூன்று சொற்களைப் பொறுக்கியெடுத்து வைத்துக்கொண்டார். மனிதருக்குத் தண்ணீர்த் தொட்டி, சாக்கடைக் குழாய் எல்லாம் தெரியும். அடைப்பு எடுத்தால் ஓடும், அவ்வளவுதானே.

சொல்லி வைத்த மாதிரி ஓடியது. குழாய் வைத்த சில நாளில் அரிப்பு நின்றது. சோறு இறங்கியது. கண் தெளிந்துகொண்டே வந்தது. ஷேவிங் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு காலையில் வாசலுக்குப் போய்ப் பார்ப்பார்.

"இந்தா, வந்து பாரு. நேத்தைக்கு இன்னிக்கு எவ்வளவு வெள்ளை!"

பரிசோதனை ரிசல்ட் வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த அன்று அவர் கடையைத் திறந்து வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். "பேப்பர் வாங்கறதுக்கு நான் எதுக்கு? நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார்.

மனைவியும் தங்கையும் போனார்கள். டாக்டரம்மா நோயாளியைத் தேடினார். வரவில்லை என்றதும் பெருமூச்சு விட்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை இழுத்து வயிற்றை வரைந்து, அதற்குப் பின்னால் படுத்துக்கிடக்கிற மாதிரி ஒன்றை வரைந்தார். இதுதான் கணையம் என்றார். ஸ்டூடியோக்காரம்மாவுக்கு அந்தப் பேர் பள்ளிக்கூடத்தில் கேட்டது. ஈரக்குலை நடுங்குகிறது என்கிறோம், வயிறு எரிகிறது என்கிறோம், நெஞ்சு அடைக்கிறது என்கிறோம். கணையத்தைச் சொல்லி யாரும் அழுததுமில்லை, சபித்ததுமில்லை. அப்படி ஒன்று உள்ளே இருக்கிறது என்பதே அது கெட்டுப்போனபிறகுதான் தெரிகிறது.

"இது கேன்சர்மா. கணையத்தோட தலைப்பகுதியில இருக்கு. பக்கத்துல போற ரத்தக்குழாயை ஒட்டிட்டிருக்கு. அதனால உடனே வெட்டி எடுக்க முடியாது. முதல்ல சில மாசம் மருந்து ஏத்தணும். அப்புறம் மறுபடி ஸ்கேன். சுருங்கியிருந்தா ஆபரேஷன் பண்ணலாமான்னு பார்ப்போம். சில பேருக்கு முடியும். பல பேருக்கு முடியறதில்ல."

"கண்ணெல்லாம் வெளுத்துடுச்சே டாக்டர்" என்றாள் நாத்தனார்.

"அது குழாய் வெச்சதால. நோய் அங்கேயேதான் இருக்கு."

ஸ்டூடியோக்காரம்மா மென்று விழுங்கிக் கேட்டாள். படம் மஞ்சளடித்ததையும், பல்பு மாற்றியதையும், துணி துவைத்ததையும், கடைசியில் தானே வெளுக்கவைத்து அச்சடித்ததையும் சொன்னாள். "அப்பவே வந்திருந்தா அறுத்து எடுத்திருக்கலாமா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அந்தச் சில வாரத்துல பெரிசா எதுவும் மாறியிருக்காது. இது இடம் அப்படி. பின்னாடி ஒளிஞ்சிருக்கும், வெளியில தெரியும்போது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதை மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க."

அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்றால், பகலில் நம்பினாள்.

"அண்ணன்கிட்ட சொல்லாதீங்க டாக்டர். உடைஞ்சு போயிடுவாரு. ஏற்கெனவே பயந்த சுபாவம்" என்று நாத்தனார் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள்.

"புதன்கிழமை மருந்து ஏத்தற டாக்டரைப் பார்க்கணும். என்ன நோய்க்கு என்ன மருந்துன்னு தெரியாம அவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? அதுக்குள்ள நீங்க சொல்லுங்க. இல்லேன்னா நான் சொல்வேன்" என்றார் டாக்டரம்மா. குரலில் கோபமில்லை, களைப்பு இருந்தது. அன்றைக்கு இன்னும் எத்தனை தாளில் வயிறு வரைய வேண்டியிருந்ததோ.

திரும்பி வந்த பஸ்ஸில் நாத்தனார் வழியெல்லாம் அழுதாள். "நீங்க சொல்லிடாதீங்கண்ணி. புதன்கிழமை வரைக்குமாவது மனுஷன் சந்தோஷமா இருக்கட்டும்." ஸ்டூடியோக்காரம்மாவுக்கு அழத் தெம்பில்லை. முன் சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். பஸ் குலுங்கினபோதெல்லாம் நெற்றி இடித்தது, நகர்த்தத் தோன்றவில்லை.

கடைக்குள் நுழைந்ததும் அவர் கேட்டார். "என்ன சொன்னாங்க?"

"இன்னும் கொஞ்சம் மருந்து சாப்பிடணுமாம். புதன்கிழமை வரச் சொன்னாங்க."

பொய்யில்லை, உண்மையுமில்லை. சொல்லிவிட்டு அவள் பாத்ரூமில் போய் வெறுமனே நின்றாள்.

அடுத்த நாட்களில் ஸ்டூடியோக்காரர் தலைகால் புரியாமல் திரிந்தார். படம் எடுக்க வந்தவர்களிடம், வெறுமனே எட்டிப் பார்த்தவர்களிடம், ஜெராக்ஸ் கேட்டு வந்து கடை மாறி நுழைந்தவர்களிடம்கூட, தனக்குக் காமாலை வந்து போன கதையைச் சொன்னார். "ஒரு சின்னக் குழாய், அவ்வளவுதான். விஞ்ஞானம் எங்கேயோ போயிடுச்சு" என்பார். அவள் கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து சிரித்துவைப்பாள். சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது. படுக்கையில் விழுந்தால் அவர் குறட்டை விடுவார், அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். புதன்கிழமை வரட்டும், டாக்டரம்மாவே சொல்லிவிடட்டும், வாங்குகிற சம்பளத்துக்கு அவர் சொல்லட்டுமே என்றுகூட நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

திங்கட்கிழமை அவர் போனை வைத்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் எடுக்கிற வகுப்புப் படங்கள். எல்லா வகுப்பும், ஆசிரியர்களும், ஆயாக்களும். கடைக்கு அதுதான் பெரிய ஆர்டர்.

"புதன்கிழமை காலையிலேயே வரச் சொல்லிட்டாங்க. ஒத்துக்கிட்டேன்."

"புதன்கிழமை ஆஸ்பத்திரி."

"அது கிடக்கட்டும். நல்லாயிட்ட உடம்பைக் காட்டறதுக்கு ஒரு நாளா? மாத்திரை எழுதித் தருவாங்க, நீயே போய் வாங்கிட்டு வந்துடு. அன்னிக்குப் போன மாதிரி."

"நீங்க வரணுங்க."

"என்னத்துக்கு?" கேமரா ஸ்டாண்டை எடுத்து, அதன் கால்களை ஒவ்வொன்றாக நீட்டித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். "கண்ணைப் பாரு. நல்லாப் பாரு. எங்கயாவது மஞ்சள் இருக்கா?"

அவள் பார்த்தாள். இல்லை. அந்தக் கண் அவ்வளவு வெள்ளையாக இருந்தது, எதிரே நிற்க அவளால் முடியவில்லை. போய்க் கடைக்கதவைச் சாத்தினாள். மத்தியான வெயில் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டது. படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் உட்கார்கிற ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டாள்.

"உட்காருங்க."

"என்ன, எனக்குப் படமா?"

"உட்காருங்களேன்."

உட்கார்ந்தார். அவள் நின்றுகொண்டே பேசினாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது.

"அன்னிக்கு உங்க படத்துல மஞ்சளை நான் எடுத்தேன்ல. படத்துல போயிடுச்சு. உங்க உடம்புல போயிடுச்சா?"

"அது படம். இது வைத்தியம்."

"இதுவும் அப்படித்தாங்க. மஞ்சளை மட்டும்தான் எடுத்திருக்காங்க. மஞ்சள் எதால வந்துச்சோ அது உள்ளேயே இருக்கு."

"எது?"

வாய்வரை வந்த சொல்லை அவள் திரும்ப விழுங்கப் பார்த்தாள். அது இறங்கவில்லை.

"கேன்சருங்க. கணையத்துல."

அவர் ஸ்டாண்டைத் துடைப்பதை நிறுத்தவில்லை. துடைத்த காலையே மறுபடி துடைத்தார்.

"கணையம்னா எது?"

அவள் ஒரு பழைய கவரின் முதுகில் டாக்டரம்மா வரைந்த மாதிரி வரைந்து காட்டினாள். வயிறு சரியாக வரவில்லை, பூசணிக்காய் மாதிரி இருந்தது. ரத்தக்குழாய் போகிற இடத்தைக் காட்டினாள். ஏன் உடனே அறுக்க முடியாது, மருந்து ஏன் முதலில், அப்புறம் ஸ்கேன் எதற்கு என்று கேட்டதையெல்லாம் விடாமல் சொன்னாள். அவர் கவரை வாங்கித் தள்ளிப் பிடித்தும் கிட்டே பிடித்தும் பார்த்தார்.

"இது எப்பத்திலிருந்து தெரியும் உனக்கு?"

"ரிசல்ட் வாங்கப் போனப்ப."

"அன்னிலேருந்தா?" அவர் குரல் உயர்ந்தது. "நான் கடைக்கு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் நல்லாயிடுச்சு நல்லாயிடுச்சுன்னு பறையடிச்சிட்டிருந்தேன். நீ பின்னால உட்கார்ந்து சிரிச்சிட்டிருந்த. என்னைக் கோமாளியாக்கிட்டியே!"

"சொல்ல வாய் வரலைங்க."

"அவளுக்கும் தெரியுமா? என் தங்கச்சிக்கும்?"

"தெரியும்."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது. உடம்பு என்னோடது!"

அவர் திட்டட்டும் என்று அவள் நின்றாள். ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது, இத்தனை நாள் தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றதன் மறுமுனையை ஒருவர் பிடித்துக்கொண்ட மாதிரி. அந்த நிம்மதி வந்ததற்கும் வெட்கப்பட்டாள்.

அவர் ஸ்டாண்டின் கால்களை உள்ளே தள்ளி மடக்கி மூலையில் சாத்தினார். போனை எடுத்தார்.

"யாருக்குங்க?"

"ஸ்கூலுக்கு. புதன்கிழமை வரலைன்னு சொல்ல வேணாமா? நூத்துக்கணக்குல பிள்ளைங்க தலையை வாரிட்டு வந்து நிக்கும்."

தலைமையாசிரியையே எடுத்தார் போலிருக்கிறது. ஸ்டூடியோக்காரர் வழக்கமான கடைக்குரலில் பேசினார்.

"மேடம், ஸ்டூடியோலேருந்து பேசறேன். புதன்கிழமை வர முடியாது மேடம்… இல்லல்ல, வேற ஆர்டரெல்லாம் இல்ல. எனக்கு கேன்சர். அன்னிக்கு ஆஸ்பத்திரி போகணும்… கணையத்துல மேடம். அது வயித்துக்குப் பின்னாடி இருக்கு… ஆமா… எனக்கும் இப்பத்தான் தெரியும்."

அவளுக்குச் சுருக்கென்றது. யாரோ ஒரு பெண்மணியிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! இத்தனை நாள் தொண்டையில் முள்ளாக நின்ற சொல்லை, பல்பு ஃப்யூஸ் போய்விட்டது என்பதுபோலச் சொல்கிறாரே. புரிந்துதான் பேசுகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நல்ல மனுஷி. அவசரமில்லைங்கறாங்க. பரீட்சை முடிஞ்சுகூட எடுத்துக்கலாமாம். உடம்பு தேறினதும் நீங்களே வாங்க, எந்த மாசம்னு மட்டும் சொல்லுங்கங்கறாங்க. எந்த மாசம் சொல்லட்டும்?"

கடையில் தேதி கொடுப்பது எப்போதும் அவள்தான். எந்த ஆர்டர் எப்போது, எது எதோடு இடிக்கும் என்பதெல்லாம் அவள் மண்டைக்குள் இருக்கும். அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டார். அவளும் அந்தப் பழக்கத்திலேயே கணக்குப்போட ஆரம்பித்தாள். சில மாதம் மருந்து. அப்புறம் ஸ்கேன். சுருங்கியிருந்தால் ஆபரேஷன். ஆபரேஷன் ஆனால் எழுந்து நடமாட எத்தனை நாளோ. சுருங்காவிட்டால்? அங்கே வந்து கணக்கு நின்றது. டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கேட்டவள் இதை மட்டும் கேட்கவில்லை. அவரும் தானாகச் சொல்லவில்லை. வாய்க்கு வந்த ஒரு மாதத்தைச் சொல்லிவிடலாம். கணவர் நம்புவார். அந்த மாதம் நெருங்க நெருங்கத் தினமும் ஸ்டாண்டைத் துடைத்து வைப்பார். இனி அவளால் அது முடியாது.

"வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லுங்க" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். பொத்தியிருந்த கை போனிலிருந்து தானாக நழுவியது. உள்ளேயிருந்து "ஹலோ… லைன்ல இருக்கீங்களா?" என்று சின்னதாகக் கேட்டது. கேன்சர் என்று சொன்னபோது அசையாத முகம் இப்போது கோணியது. கீழுதட்டைப் பல்லால் பிடித்து நிறுத்தினார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது என்பது அவளுக்குப் புரிந்தது. ஓடிப்போய்ச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அவர் போனைக் காதில் வைத்தார்.

"மேடம்… வேற ஆளைப் பார்த்துக்குங்க மேடம்." அவள் கண்ணை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை. "இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும்."

சொல்லிவிட்டு, சரிதானே என்று கேட்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டூடியோக்காரம்மா தலையாட்டினாள். ஆட்டாமலிருக்க அவளால் முடியவில்லை.